எவர்சில்வர் தட்டின் மேல் ஒரு கோல்ப் திடல்

மலைமேல் கம்போங் ராஜா ஊருக்குப் போகிற பாதையில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ருக்குமணியைத் தெரியாதவர்கள் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து எடுத்தவள். முதலில் கையால் எடுத்தாள், பிறகு கத்தரியால், கடைசியில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடக்கிற மெஷினால். வேலை வாங்குகிற மண்டோர் ஒரு சத்தம் போட்டால் இவள் இரண்டு சத்தம் போடுவாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்திருந்தாள். இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றாகத் தெரியும், கூட்டிப் படிக்க வராது. அப்படிப்பட்டவள் அறுபது வயதில் ஒரு லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு மாரடித்தாள் என்றால், அதற்கு அவள் புருஷன்தான் காரணம்.

புருஷன் வேலப்பன் தோட்டத்து ஆள் இல்லை. தானா ராத்தா டவுனுக்கு மேலே இருக்கும் கோல்ப் திடலில் புல் வெட்டுகிறவர். தோட்டம் கொடுத்த லயத்து வீடு ருக்குமணியின் பேரில் இருந்தது. அவர் தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வருவார். அதிகம் பேசமாட்டார். வாங்கிக் கொடுத்ததைச் சாப்பிடுவார், சொன்ன இடத்துக்கு வருவார். சண்டை போட்டால்கூட ருக்குமணி தனியாகத்தான் போட வேண்டும்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூன் மாதம், குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை. கதவை உடைத்துத் தூக்கினார்கள். உயிர் தங்கியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்.

"சோறு போடவா?"

"ஆமா."

"வேணாமா அப்ப?"

"ஆமா."

"வலிக்குதா?"

"ஆமா."

முதல் வாரம் ருக்குமணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்புறம் கண்ணைப் பார்த்தே தெரிந்துகொள்ளப் பழகினாள். பசி என்றால் ஒரு பார்வை, வெளிக்குப் போக வேண்டும் என்றால் ஒரு பார்வை. ஆறு மாதத்தில் இந்த மூன்று நான்கு விஷயங்களுக்கு அந்தக் கண்களே போதும் என்றாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "ஆன்ட்டி, இடது கைக்கு வேலை குடுத்துக்கிட்டே இருங்க. மனசுக்குப் பிடிச்ச வேலையா இருந்தா நல்லது" என்றாள். வேலப்பன் அந்தப் பந்தைத் தொடவே இல்லை. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் எங்கேயோ கோல்ப் பந்தயம் நடந்தது. ருக்குமணி சேனலை மாற்றப் போனாள். போர்வைக்கு மேல் அவருடைய இடது கை விரல் ஓடுவதைப் பார்த்துவிட்டு நின்றாள். டிவியில் தெரிந்த மேட்டின் சரிவை அந்த விரல் போர்வையில் அப்படியே கோடு இழுத்தது. ஏறியது, வளைந்தது, ஒரு பள்ளத்தில் இறங்கியது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஏன்தான் புரிந்ததோ என்றும் இருந்தது. அலமாரிக்கு மேலே இருந்த பிஸ்கட் டின்னை அவள் இருபது வருஷத்துக்கு மேலாக ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

அந்த டின்னின் கதை இதுதான். தொண்ணூற்றேழில் தோட்டத்துக்கு ஒரு மானேஜர் வந்தார். அந்தத் துரைக்குக் கோல்ப் என்றால் உயிர். பங்களாவில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். அதில் ஒரு கோல்ப் விளையாட்டு. வெறும் விளையாட்டு மட்டுமல்ல, அதில் நாமே ஒரு திடலை உருவாக்கலாம். மண்ணை உயர்த்தலாம், குளம் வெட்டலாம், மரம் நடலாம், மணல் கொட்டலாம். இந்தத் தோட்டத்து மலைகளையே ஒரு பதினெட்டுக் குழித் திடலாகக் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்க்க வேண்டும் என்று துரைக்கு ஆசை. திடலைத் தெரிந்த ஆள் வேண்டும், தோட்டத்தையும் தெரிந்திருக்க வேண்டும். வேலப்பனைத் தவிர யார் இருக்கிறார்கள்? சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் அவர் பங்களாவுக்குப் போய்விடுவார். லயத்து ஆட்கள் பின்வாசலோடு நின்றுவிடுகிற பங்களாவில் தன் புருஷன் நாற்காலியில் உட்காருகிறான் என்பதில் ருக்குமணிக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மறு வருஷம் நவம்பரில் அந்தப் பெருமை போயிற்று. இரண்டாவது மகள் தேவிகாவுக்கு எட்டு மாதம். மூத்தவள் தனுஜாவுக்கு மூன்று வயது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், நல்ல மழை. காய்ச்சலாய்க் கிடந்த பிள்ளைக்கு ஜன்னி கண்டுவிட்டது. ருக்குமணி பக்கத்து வீட்டுக் கந்தனைப் பங்களாவுக்கு விரட்டினாள். சமையல்காரர் அடுப்படிக் கதவிலேயே கந்தனை நிறுத்திவிட்டார். "உள்ள முக்கியமான வேலையா இருக்காங்க. அஞ்சு மணிக்கு மேல வா." கந்தன் பங்களாவுக்குப் பயந்தவன், என்ன விஷயம் என்று வாய் திறந்து சொல்லாமல் திரும்பிவிட்டான். ருக்குமணி ஒரு காய்கறி லோரியை மறித்து ஏறினாள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஆம்புலன்சில் மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரிங்லெட் தாண்டி, வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை அவள் மடியில் அடங்கிவிட்டது.

வேலப்பன் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துதான் கேள்விப்பட்டார். மழையில் மோட்டாரை விரட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதற்கப்புறம் அந்த நாளைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சனிக்கிழமைகளில் அவர் நேரம் கழித்து வந்தார். திடலில் ஓவர்டைம் என்றார். பங்களாவுக்கு இனி எந்த முகத்தோடு போவார் என்று ருக்குமணி நினைத்துக்கொண்டாள், நம்பினாள். இரண்டாயிரத்தில் துரை மாற்றலாகிப் போகும்போது அந்தக் கம்ப்யூட்டரையும், ஒரு பிஸ்கட் டின்னில் சிடியையும் ஐந்து டிஸ்கெட்டையும் வேலப்பனுக்குக் கொடுத்தனுப்பினார். கம்ப்யூட்டர் இரண்டு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துச் செத்தது. டின் அலமாரிக்கு மேலே ஏறியது.

இப்போது அவள் ஸ்டூல் போட்டு அதை இறக்கினாள்.

தானா ராத்தா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் துளசி ஒரு கடை வைத்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். உடைந்த போன் கண்ணாடி மாற்றுவது, கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது. ருக்குமணி டின்னையும், கொரோனா நேரத்தில் தனுஜா ஆபீஸ் வேலைக்காக வாங்கிப் பிறகு வீட்டிலேயே விட்டுப்போன மெல்லிய லேப்டாப்பையும் அவள் மேஜையில் வைத்தாள்.

துளசி சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னாக்கா இது, நான் பள்ளிக்கூடம் போன காலத்துச் சாமான் லா."

"ஓடுமா ஓடாதா, அதச் சொல்லு."

"நேரா ஓடாது. இந்த லேப்டாப்புக்கு அதோட பாஷை தெரியாது."

"பேச வைக்க வழியே இல்லியா?"

"இருக்கு. பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற புரோகிராம் ஒண்ணு இருக்கு, சும்மாவே கிடைக்கும். அத நடுவுல போட்டா சிடி ஏமாந்துரும். ஆனா இந்த லேப்டாப்புக்குத் தெம்பு பத்தாதுக்கா. நடிக்கவும் செய்யணும், வெளையாட்டையும் ஓட்டணும். மூச்சு வாங்கும்."

"மூச்சு வாங்கட்டும். நானும்தான் வாங்குறேன்."

மூன்று தடவை பஸ் பிடித்துப் போனாள். முதல் தடவை, லேப்டாப்பில் சிடி போட வாயே இல்லை என்று தனியாக ஒன்றை வெளியே சொருகி, சிடியில் இருந்ததை எல்லாம் உள்ளே இறக்கினாள் துளசி. இரண்டாம் தடவை விளையாட்டு எழுந்துகொண்டது. ஆனால் சத்தம் எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல் பொரிந்தது, படம் நகரவே இல்லை. துளசி சத்தத்தை அடைத்தாள், படத்தைச் சிறிதாக்கினாள். வேகத்துக்கு என்று ஓர் எண் இருந்தது. அதைக் கூட்டினால் லேப்டாப் திணறியது, குறைத்தால் தூங்கியது. ஒரு மத்தியானம் முழுக்கக் கூட்டிக் குறைத்து ஓர் இடத்தில் நிறுத்தினாள். டிஸ்கெட்டுகளை ஈப்போவில் இருந்த தன் கூட்டாளியிடம் அனுப்பினாள். நான்கு பூஞ்சையில் போய்விட்டன. ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. மூன்றாம் தடவை அதில் இருந்ததை லேப்டாப்பில் ஏற்றித் தந்தாள்.

என்னென்ன தட்ட வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தாக எழுதியும் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து ருக்குமணி ஒற்றை விரலால் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சாய்ந்த கோடு ஒன்று வர வேண்டும். அந்த லேப்டாப்பில் சாய்ந்த கோடு இரண்டு இருந்தன, ஒன்று இடப்பக்கம் சாய்ந்தது, மற்றது வலப்பக்கம். அவள் தப்பான கோட்டையே அழுத்திக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்தபோது, "அடச் சனியனே" என்று சத்தமாகவே திட்டினாள். திரை கருத்தது. பிறகு பச்சை கொஞ்சம் கொஞ்சமாக மேலிருந்து கீழே இறங்கியது.

வேலப்பன் தலையைத் திருப்பினார். ருக்குமணி மௌஸை அவருடைய இடது கைக்குள் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். அம்புக்குறி திரையெங்கும் அலைந்தது. அரை மணி நேரம் கழித்து ஒரு மேட்டின் மேல் போய் நின்றது. ஒரு மரம் முளைத்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அதுதான் வேலை. லேப்டாப் சூடேறினால் தடுமாறும் என்பதை ருக்குமணி தானாகவே கண்டுகொண்டாள். எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தாள், ஜன்னலைத் திறந்து விட்டாள். பனி இறங்கும் நேரத்தில் மரங்கள் சட்டென்று முளைத்தன. வெயில் ஏறிவிட்டால் ஒரு மரத்துக்கு ஒரு நிமிஷம் ஆனது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பாள். முதலில் எல்லாமே பச்சையாகத்தான் தெரிந்தது. இரண்டு வாரத்தில் அடையாளம் தெரிய ஆரம்பித்தது. இது பேக்டரிக்குப் பின்னால் இருக்கும் சரிவு. இது காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிற மேடு. முப்பத்திரண்டு வருஷம் கூடையோடு ஏறி இறங்கிய மலையை அந்த மனிதர் மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து வைத்திருந்தார். பதினோரு குழிகள் பழையவை. இப்போது பன்னிரண்டாவதைத் தொடங்கியிருந்தார். தோள் கொஞ்சம் நிமிர்ந்தது. சோறும் கூடுதலாக இறங்கியது. பயிற்சிக்காரப் பெண் வந்து பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, பந்தத் தூக்கிப் போட்டுருங்க, இது போதும்" என்றாள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று அக்டோபரில் ஒரு நாள் திரை அப்படியே உறைந்து நின்றது. எதைத் தட்டினாலும் அசையவில்லை. போட்டதெல்லாம் போய்விட்டதோ என்ற பயத்தில் ருக்குமணி லேப்டாப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு துளசியிடம் ஓடினாள்.

"ஒண்ணும் ஆவலக்கா, பயப்படாதீங்க. இருங்க, எல்லாத்தையும் பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்துக்குறேன்" என்று துளசி ஒரு பட்டியலைத் திறந்தாள். குழிக்கு ஒரு வரி. வரியின் கடைசியில் எண்கள். எண்கள் ருக்குமணிக்கு நன்றாகப் படிக்க வரும்.

"அது என்னா நம்பரு?"

"கடைசியா எப்ப அதத் தொட்டாங்களோ அந்தத் தேதி. பக்கத்துல மணி."

ஏழாவது வரியில் பதினான்கு, பதினொன்று, தொண்ணூற்றெட்டு. மணி நான்கு ஐம்பத்திரண்டு. தேவிகா போன நாள்.

அந்த நேரத்தில் அவர் பங்களாவில் இருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் நான்கு ஐம்பத்திரண்டு என்று இன்னொரு தடவை படித்தாள். அந்த நேரம் அவள் ஆம்புலன்சில் இருந்தாள். அவள் கண் அடுத்த வரிக்குப் போனது. எட்டாவது குழி. இருபத்தொன்று, பதினொன்று, தொண்ணூற்றெட்டு.

"இதும் தேதிதானா?"

"ஆமாக்கா. அடுத்த வாரம். அதுக்குக் கீழ இருவத்தெட்டு. வாரா வாரம் உக்காந்திருக்காரு போல, நல்ல பொறுமை." துளசிக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் புதைத்தார்கள். செவ்வாய்க்கிழமை பால் தெளித்தார்கள். அந்தச் சனிக்கிழமையே போயிருக்கிறார்.

பஸ்ஸில் ருக்குமணி லேப்டாப்பை மடியில் வைக்காமல் பக்கத்து இடத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். நான்கு நாள் அதைத் திறக்கவில்லை. "கரண்டு சரியில்ல" என்றாள். அவர் மூடிக் கிடந்த லேப்டாப்பைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், மறுபடி சுவரைப் பார்ப்பார். அவள் சோறு ஊட்டினாள், துடைத்தாள், திருப்பிப் படுக்க வைத்தாள். எல்லாவற்றையும் வாய் திறக்காமல் செய்தாள். அவளோடு வாழ்ந்த யாருக்கும் அவள் வாய் மூடியிருந்தால் விஷயம் பெரிது என்று தெரியும்.

ஐந்தாம் நாள் காலையில் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இருவத்தொன்னாந் தேதி பங்களாவுக்குப் போனீங்களா?"

"ஆமா."

"புள்ளையப் பொதைச்சு ஒரு வாரம்கூட ஆகல. ஓவர்டைம்னு சொன்னீங்க. நான் நம்புனேன்."

"ஆமா."

"எதுக்குப் போனீங்க? அவ்ளோ என்னா அங்க?"

"ஆமா."

"ஆமா ஆமான்னு சொல்லாதீங்க!" என்று அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் குழாயை மூடினார்கள். "இருவத்தஞ்சு வருசமா வாய் இருந்துச்சுல்ல, அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!"

வேலப்பனின் இடது கை தூக்கித் தூக்கி விழுந்தது. லேப்டாப்பைத்தான் காட்டினார். அவளுக்கு அதைத் தூக்கி வெளியே எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. தட்டின்மேல் வைத்து, தாளைப் பார்க்காமலேயே தட்டினாள். அதற்குள் எல்லாம் மனப்பாடமாகிவிட்டிருந்தது.

அவர் எட்டாவது குழியைத் திறந்தார். வெயில் ஏறிவிட்டிருந்தது. படம் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. முதலில் வானம். பிறகு தூரத்து மலை. பிறகு பேக்டரிக்குக் கீழே ஓடும் ஆறு, அது திரும்புகிற இடம். அந்தத் திருப்பத்துக்கு மேலே அடர்த்தியாக மரங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. மரங்களைச் சுற்றி வெள்ளைக் கட்டைகள். அந்தக் கட்டைக்குள் பந்து போனால் ஆட முடியாது, அது திடலுக்கு வெளியே. இத்தனை நாள் பார்த்ததில் அது அவளுக்குத் தெரிந்திருந்தது. பாதை அந்த மரங்களின் பக்கமே போகாமல் முழங்கை மாதிரி மடங்கிச் சுற்றிக்கொண்டு போனது.

ஆற்றுத் திருப்பத்துக்கு மேலே இருக்கும் அந்த மேடு தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த மேடு. சின்னப் பிள்ளைகளைப் புதைக்கிற இடம். நிஜத்தில் அங்கே மரம் ஏது? லாலான் புல்தான் இடுப்பளவு வளர்ந்து கிடக்கும்.

அவர் அம்புக்குறியை மரங்களின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

ருக்குமணி குரல் தாழ்த்திக் கேட்டாள். "அந்த எடமா இது?"

"ஆமா."

"துரை இது வழியா நேரா போடச் சொன்னாரா? வேணாம்னு சொல்லத்தான் போனீங்களா?"

"ஆமா."

"இல்ல, சும்மா அழகுக்கு வச்ச மரமா?"

"ஆமா."

அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். பசியும் வலியும் தெரிந்துகொள்ளப் பழகியிருந்த கண். அதில் நீர் நிறைந்து நின்றது. ஆனால் வாதம் வந்ததிலிருந்து அவருக்கு எதற்கெடுத்தாலும் கண் நிறைந்துவிடும், டிவியில் விளம்பரம் வந்தால்கூட. எந்தக் கேள்விக்கு அந்த நீர் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. துரை எங்கே இருக்கிறாரோ, உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ.

முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். "கஞ்சி ஆறிப்போச்சு" என்றாள். அதையே ஊட்டினாள்.

மறுநாளிலிருந்து பழையபடி காலையில் திறந்து வைத்தாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியாது. ஒரு நாள் மரங்களைப் பார்த்தால் மனசு இளகும். இன்னொரு நாள் நான்கு ஐம்பத்திரண்டு என்று உள்ளே எழும்பும், அன்றைக்குக் கீரையை முரட்டுத்தனமாகக் கிள்ளுவாள். பன்னிரண்டு முடிந்தது, பதின்மூன்று முடிந்தது. பதினான்காவது குழி, அவள் கடைசியாக மெஷின் பிடித்த மேட்டில் வந்தது. "அங்க சரிவு இன்னும் செங்குத்துங்க" என்று அவளே சொன்னாள். அவர் திருத்தினார்.

மார்ச் மாதம் ஒரு காலை, மௌஸின் மேல் கை இருந்தபடியே தலை சாய்ந்தது. மூளையில் இரண்டாவது அடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய தேவையே இருக்கவில்லை. பதினைந்தாவது குழிக்கு மண் மட்டும் உயர்த்தியிருந்தார், புல் போடவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் தனுஜா லேப்டாப்பைத் திறந்தாள். ஈப்போவில் வேலை பார்க்கிற பெண், இதெல்லாம் அவளுக்கு லேசு. அப்பா கட்டிய திடலில் ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கிறேன் என்றாள். முதல் பந்து ஆற்றில் விழுந்தது. இரண்டாவதும் ஆற்றில். மூன்றாவது மலையில் மோதித் திரும்பி இவள் பின்னாலேயே போய் விழுந்தது. அதை அந்த லேப்டாப் மெல்ல மெல்ல, அங்குலம் அங்குலமாகக் காட்டியது. தனுஜா சிரித்துவிட்டாள். ருக்குமணிக்கும் சிரிப்பு வந்தது, பதினேழு நாளில் முதல் தடவையாக.

எட்டாவது குழிக்கு வந்ததும் தனுஜா கேட்டாள். "ஏம்மா இப்பிடிச் சுத்தி வளைச்சு வச்சிருக்காரு? நேரா அடிச்சா ரெண்டு அடியில போயிரலாமே."

அப்போதுதான் ருக்குமணி தேவிகாவைப் பற்றி முழுதாகச் சொன்னாள். மூன்று வயதில் நடந்ததில் தனுஜாவுக்கு ஞாபகம் இருந்தது மழை மட்டும். காய்ச்சல், லோரி, வளைவுகள், ஆற்று மேட்டில் புதைத்தது எல்லாம் சொன்னாள். கந்தன் பங்களாவுக்குப் போனதைச் சொன்னாள். இருபத்தொன்றாம் தேதியை மட்டும் சொல்லவில்லை.

"அப்பா ஒரு தடவகூட என்கிட்ட இதப் பேசுனதில்லம்மா."

"என்கிட்டயும் பேசுனதில்ல. நானும் கேக்கல. கேட்டப்ப அவருக்கு வாய் இல்ல."

தனுஜா லேப்டாப்பை ஈப்போவுக்கு எடுத்துப் போவதாகச் சொன்னாள். எடுத்துக்கொண்டு போ என்றாள் ருக்குமணி. துளசி எழுதிக் கொடுத்த தாளையும் கொடுத்தாள். பஸ் கிளம்பும்வரை தானா ராத்தாவில் நின்றுவிட்டு வந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை கம்போங் ராஜாவில் ஒரு பூத்தோட்டக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். செவ்வந்திகளைத் தரம் பிரித்துக் கட்டும் வேலை. பக்கத்தில் நின்ற பெண் பேச்சுக் கொடுத்தாள். "வீட்டுக்காரரு என்னா வேலை பாத்தாருக்கா?"

"புல்லு வெட்டுனாரு" என்றாள் ருக்குமணி. கொஞ்ச நேரம் கழித்து, "கோல்ப் திடலும் வரைவாரு" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. ருக்குமணி அடுத்த பூக்கட்டை இழுத்துக் காம்புகளை ஒரே அளவாகத் தட்டி நறுக்கினாள்.